இரண்டு மணி நேரத்தில் சயாம்

தம்பி, நீ தேடிக்கொண்டிருக்கும் பாஸ்போர்ட் அரிசி டின்னுக்குள் இருக்கிறது. அடியில், பிளாஸ்டிக் பையில் சுற்றி, நான்தான் வைத்தேன். முதலில் போய் அதை எடுத்து உன் கைப்பையில் வைத்துக்கொள். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து மீதியைப் படி. கோபத்தோடு படித்தாலும் சரிதான், பாதியில் கிழித்துப் போட்டுவிடாதே. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும் படித்தவள் நான். இத்தனை நீளமாக எனக்கு எழுத வரும் என்று எனக்கே இன்றைக்குத்தான் தெரிகிறது.

சனிக்கிழமையிலிருந்து நீ என்னோடு பேசவில்லை. நேற்று வீட்டையே தலைகீழாகப் புரட்டிவிட்டு, வேறு வழியில்லாமல் வாய் திறந்து, "அம்மா, என் பாஸ்போர்ட்டப் பாத்தீங்களா?" என்று கேட்டாய். "பாக்கலையே" என்றேன். முகத்தைக்கூட மாற்றிக்கொள்ளாமல் சொன்னேன். சொல்லி முடித்ததும் எனக்கு வாய் கசந்துபோயிற்று. அதே மாதிரி ஒரு பொய்யை நான் வாழ்க்கையில் இன்னொரு முறை சொல்லியிருக்கிறேன். அது உன் அப்பாவிடம் சொன்னது. நீ அப்போது என் வயிற்றில் இருந்தாய். அந்தப் பொய்யைப் பற்றிச் சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் விமானக் கம்பெனி கொடுத்த தாளை நீ எடுத்துக்கொண்டு வந்தபோது வீடு நன்றாகத்தான் இருந்தது. நீ மேசையில் விரித்துக் காட்டினாய். சுபாங் விமான நிலையத்தில் ஏறினால் லண்டனுக்கு ஆறாயிரத்து ஐந்நூறு மைலுக்கு மேல். நடுவில் நின்று நின்று போனாலும் பத்தொன்பது மணி நேரம். அங்கே இறங்கும்போது அவர்கள் கடிகாரம் நம்முடையதைவிட ஏழரை மணி பின்னால் இருக்கும் என்றாய். "ஏழரையா? அது நல்லதுக்கில்லையே" என்றேன். நீ வயிறு குலுங்கச் சிரித்தாய், நானும் சிரித்தேன். பிறகு, முதலில் எங்கே நிற்கும் என்று கேட்டேன். "பாங்காக்ல. இங்கேர்ந்து ரெண்டு மணி நேரம்தாம்மா, உக்காந்து காப்பி குடிச்சா வந்துரும்" என்றாய். உனக்கு அது ஒரு சின்ன விஷயம். நான் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனேன். அடுப்பில் அப்போது எதுவும் இல்லை.

நீ வேலைக்குப் போன பிறகு உன் பள்ளிக்கூட அட்லாசை எடுத்து, தையல் நூலை வைத்து அளந்து பார்த்தேன். சிரம்பானிலிருந்து பாங்காக் வரைக்கும் நூல் என் கட்டைவிரல் நீளம்கூட வரவில்லை. லண்டனுக்கு ஒரு சாணும் நாலு விரலும் ஆயிற்று. நூலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு கட்டைவிரல் தூரம் போன மனுஷன் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் திரும்பி வரவில்லை. நீ ஒரு சாண் தூரம் போகிறேன் என்கிறாய். மூன்று வருஷம் என்கிறாய். மூன்று என்ற எண்ணைக் கேட்டாலே எனக்குப் பயம்.

சனிக்கிழமைதான் பயணம் புதன்கிழமை என்று சொன்னாய். நான் உடனே காலண்டரைப் பார்த்தேன். செவ்வாயும் புதனும் வடக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் கிளம்பக் கூடாது, வியாழனுக்கு மாற்று என்றேன். நீ பொறுமையாகத்தான் ஆரம்பித்தாய். லண்டன் வடக்கே இல்லை, வடமேற்கு என்றாய். முதலில் பாங்காக் வடக்கேதானே போகிறது என்றேன். அப்போதுதான் உனக்குக் கோபம் வந்தது. "ஆபீஸ்ல போயி என்னன்னு சொல்லுவேன்? சூலம்லா, டிக்கெட்ட மாத்திக் கொடுங்கன்னா? இத விட்டா அடுத்த வாரந்தாம்மா சீட்டு, அதுக்குள்ள காலேஜ் தொறந்துரும். எடத்த வேற ஆளுக்குக் கொடுத்துருவான்" என்று கத்தினாய். பிறகு என் முகத்தைப் பார்த்து நீயே இறங்கி வந்தாய். "சரி, சூலத்துக்குப் பரிகாரம் பால்தானே? ஒரு வாய் பால் குடிச்சிட்டுக் கிளம்பிடறேன், விடுங்க" என்றாய். அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டு, பைத்தியக்காரி மாதிரி, "போகக் கூடாதுன்னா போகக் கூடாது" என்று கத்தினேன். நீ கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாய். இறங்கி வந்த பிள்ளையிடம் எதற்காகக் கத்தினேன் என்று உனக்கு எப்படித் தெரியும்? அது உன் அப்பா சொன்ன சொல், தம்பி. ஒரு எழுத்து மாறாமல் அதே சொல்.

நாங்கள் பெடாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தது உனக்குத் தெரியும். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ஜப்பான்காரன் வந்துவிட்டான். வெள்ளைக்காரத் துரை ஒரே நாளில் காரை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார். கணக்கெழுதிய கிராணிதான் பிறகு எல்லாம். அரிசி போயிற்று, மரவள்ளிக்கிழங்கு வந்தது. காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, ராத்திரி கிழங்குத் தோல் வறுவல். சாக்கைக் கிழித்துப் பாவாடை தைத்துக் கட்டிக்கொண்டோம். கடிகாரத்தைக்கூட அவன் விட்டுவைக்கவில்லை. தோக்கியோ நேரம்தான் இங்கேயும் என்று ஒன்றரை மணி முன்னால் தள்ளிவிட்டான். ஆறு மணிக்கு, ஆள் கூப்பிட்டு நிறுத்தும் பெரட்டுக்கு வா என்பார்கள். போய் நின்றால் கோழிகூடக் கண் விழித்திருக்காது. எது நல்ல நேரம், எது ராகுகாலம் என்று யாருக்கும் புரியவில்லை. சூரியனைப் பார்த்துச் சொல்வதா, ஜப்பான்காரன் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வதா என்று கோயிலடியில் பெரிய சண்டையே நடந்தது. அந்தக் கஷ்டத்திலும் நாங்கள் சகுனத்தை மட்டும் விடவில்லை. எங்கள் கையில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

உன் அப்பாவைப் பற்றி நான் உனக்கு அதிகம் சொன்னதில்லை. நீ கேட்டபோதெல்லாம், "நல்லவரு, ஜப்பான்காரன் கொண்டுபோயிட்டான்" என்று இரண்டே வரியில் முடித்துவிடுவேன். நல்லவர்தான். அதோடு பெரிய வாயாடி. ரப்பர் மரம் வெட்டும்போது பாடிக்கொண்டே வெட்டுவார். வேலை வாங்கும் மண்டோர் அதட்டினால், பாடினால்தான் பால் நன்றாக இறங்கும் என்பார். நீ வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது, இரவு கிழங்கை எனக்குத் தள்ளிவைத்துவிட்டு, தான் முனியாண்டி வீட்டில் சாப்பிட்டு வந்ததாகச் சொல்வார். அங்கே அவர்களுக்கே பற்றாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் தின்பேன். அத்தனை பசி எனக்கு.

முனியாண்டி உன் அப்பாவின் கூட்டாளி. எங்கள் லயத்து வீட்டு வரிசையில் மூன்று வீடு தள்ளி இருந்தார். அவர் பெண்சாதி அஞ்சலையை உனக்கே தெரியும், பெடாஸில் இருக்கிற அஞ்சலை பெரியம்மாதான். அவளிடம் ஒரு ஆடு இருந்தது. லயத்திலேயே பால் கறக்கிற ஒரே ஜீவன். அந்த ஆடு நான் வீட்டுக்குப் பின்னால் ஊன்றி வைத்த மரவள்ளிக் குருத்தை ஒரு நாள் முழுசாக மேய்ந்துவிட்டது. சாதாரணக் காலத்தில் அது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். கிழங்குதான் உயிர் என்ற காலத்தில் அது கொலை. நான் தெருவில் நின்று ஏசினேன், அவளும் ஏசினாள். ஒரு மாதமாக முகம் பார்க்கவில்லை. ஆண்கள் இருவரும் எங்களைக் கிண்டல் செய்துகொண்டு ஒன்றாகவே திரிந்தார்கள்.

அப்போதுதான் ஆள் எடுக்க வந்தார்கள். வீட்டுக்கு ஒரு ஆம்பிளை வர வேண்டும், வடக்கே வேலை, மூன்று மாதம், அரிசியும் துணியும் தருவார்கள் என்று கிராணி பெரட்டில் படித்தார். எங்கே வேலை, என்ன வேலை என்று அவருக்கே தெரியாது. இரண்டு லாரி வரும் என்றார். ஒன்று செவ்வாய்க்கிழமை, ஒன்று வியாழக்கிழமை. உன் அப்பா பெயரும் முனியாண்டி பெயரும் செவ்வாய்க்கிழமைப் பட்டியலில் இருந்தன. "தெரிஞ்ச ஆளோட போறதுதான் புள்ள தைரியம். மூணு மாசம் கண்ண மூடித் தொறந்தா போயிரும்" என்றார் உன் அப்பா. சிரம்பான் எங்களுக்கு வடக்கே. அதற்கும் வடக்கே எங்கேயோ. செவ்வாய் வடக்கே சூலம், போகாதீங்க என்று நான் அழுதேன். அவர் சிரித்துக்கொண்டே தலைப்பாகையைச் சுற்றினார். "அதுக்குத்தான் பரிகாரம் இருக்குதே. அஞ்சலை வீட்ல போயி பால் வாங்கிட்டு வா. ஒரு வாய் பால் குடிச்சிட்டுக் கிளம்பிடறேன்" என்றார்.

டம்ளரை எடுத்துக்கொண்டு போனேன், தம்பி. மூன்று வீடு தாண்டி அஞ்சலை வாசலில் போய் நின்றேன். உள்ளே ஆடு கத்துகிற சத்தம் கேட்டது. வாய் திறந்து கேட்க வேண்டியதுதான் பாக்கி. அவளிடம் கேட்கக் கூடாது என்ற வீம்பு ஒரு பக்கம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் உண்மையான காரணம் அது இல்லை. பால் கிடைத்தால் அவர் இன்றைக்கே போய்விடுவார். கிடைக்காவிட்டால் இன்னும் இரண்டு நாள் என் பக்கத்தில் இருப்பார். அவ்வளவுதான். அந்த இரண்டு நாளுக்கு ஆசைப்பட்டேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெறும் டம்ளரோடு திரும்பி வந்து, "பால் இல்லையாம்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நம்பினாரா, நம்பாமலே எனக்காக விட்டுக்கொடுத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. போய்க் கிராணியிடம் பேசினார். கிராணிக்குத் தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். வியாழக்கிழமைப் பட்டியலில் இருந்த கல்யாணமாகாத ஒரு பையன் செவ்வாய்க்கிழமைக்கு மாறிக்கொண்டான்.

அந்த இரண்டு நாளும் எப்படி இருந்தன என்று நான் உனக்குச் சொல்லப் போவதில்லை. அது எங்களுடையது.

வியாழக்கிழமை எல்லாம் முறைப்படி செய்தேன். நெற்றியில் விபூதி வைத்துவிட்டேன். வேகவைத்த கிழங்கை வாழையிலையில் கட்டிக் கொடுத்தேன். வலது காலை முன்னால் வைத்து இறங்கினார். எதிரே ஒரு பூனைகூட வரவில்லை. நல்ல நாள் பார்த்து அனுப்புகிறோம் என்று எனக்கு மனசு நிறைந்திருந்தது. லாரியில் ஏறும்போது அவர் மண்டோரிடம், "எம்புட்டுத் தூரம்ங்க? எத்தன நாள்ல போய்ச் சேருவோம்?" என்று கேட்டார். மண்டோர் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "போனா தெரியும்லா" என்றார். உன் அப்பா லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "போனா தெரியுமாம் புள்ள" என்று சொல்லிச் சிரித்தார். அதுதான் நான் கேட்ட கடைசிச் சொல். தூரமும் தெரியாமல் நேரமும் தெரியாமல் ஒரு மனுஷனை நான் சிரித்துக்கொண்டே வழியனுப்பினேன்.

நீ பிறந்து ஒரு மாதம் இருக்கும். மத்தியான வெயிலில் முனியாண்டி வந்து வாசலில் நின்றார். எலும்பும் தோலுமாக, காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தார். ஆனால் உயிரோடு இருந்தார். செவ்வாய்க்கிழமை லாரி சயாமுக்கு, அதுதான் இப்போதைய தாய்லாந்துக்கு, போகவில்லை, தம்பி. நம் நாட்டுக்குள்ளேயே வடக்கே ஒரு இடத்தில் காட்டை வெட்டி, மண்ணைக் கொட்டி, பிளேன் இறங்குவதற்குத் திடல் போடச் சொன்னார்களாம். வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சிலர் காய்ச்சலில் போனார்கள், முக்கால்வாசிப் பேர் திரும்பி வந்தார்கள். உன் அப்பாவுக்குப் பதிலாகப் போன பையனும் வந்தான். இப்போது பெடாஸில் கடை வைத்திருக்கிறான், பேரன் எடுத்துவிட்டான். நல்ல மனுஷன். ஆனாலும் இத்தனை வருஷத்தில் நான் அவன் கடைப்படி ஏறியதில்லை. முனியாண்டி உன்னைப் பார்த்தார், உள்ளே எட்டிப் பார்த்தார். "அவன் எங்க?" என்றார். "வியாழக்கிழமை லாரியில" என்றேன். அவர் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். வியாழக்கிழமை லாரி எங்கே போயிற்று என்று அவருக்கு வழியிலேயே தெரிந்திருந்தது.

வியாழக்கிழமை ஆட்களைச் சிரம்பான் ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டியின் இரும்புப் பெட்டியில் ஏற்றிக் கதவைச் சாத்தினார்களாம். நிற்கத்தான் இடம். ஐந்து பகலும் ஐந்து இரவும் போய்ச் சயாமில் இறக்கினார்களாம். அதற்கு மேல் நடை, பாங்காக்குக்கு மேற்கே காட்டில் ரயில் பாதை போடும் வேலைக்கு. சண்டையெல்லாம் முடிந்த பிறகு, காலில் எலும்பு தெரியும் புண்ணோடு பக்கத்துத் தோட்டத்துக்கு ஒருவர் திரும்பி வந்தார். உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவரைத் தேடிப் போனேன். ஒரு முகாமில் உன் அப்பாவோடு சில நாள் இருந்ததாகச் சொன்னார். "அவரு அப்ப நல்லாத்தாம்மா இருந்தாரு. பாடிக்கிட்டு இருந்தாரு. எங்கள அங்கயே நிறுத்திக்கிட்டாங்க, அவங்கள இன்னும் மேல போவணும்னு கூட்டிட்டுப் போனாங்க" என்றார். எவ்வளவு மேலே என்று கேட்டேன். தெரியாது என்றார். அதற்குப் பிறகு எனக்கு ஒரு தகவலும் வரவில்லை. செத்ததைப் பார்த்தவர் இல்லை, செத்த நாள் தெரியாது. அதனால் நான் தாலியையும் கழற்றவில்லை, திதியும் கொடுக்கவில்லை. ஊரில் பலவிதமாகப் பேசினார்கள். பேசினால் பேசட்டும் என்று இருந்துவிட்டேன்.

பன்னிரண்டு வயதில் நீ பள்ளியோடு போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போனது ஞாபகம் இருக்கிறதா? ஐந்து மணிக்கு வர வேண்டிய பஸ் ஏழு மணி வரைக்கும் வரவில்லை. நான் ரோட்டோரமாக நடக்க ஆரம்பித்தேன். எவ்வளவு தூரம் நடந்தேனோ தெரியாது. எதிரே வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, ஏறி, உன் கூட்டாளிகள் எதிரில் உன் கன்னத்தில் அறைந்தேன். டயர் வெடித்ததற்கு நீ என்ன செய்வாய்? நீ அழவில்லை, என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாய். அதற்குப் பிறகு எங்கே போனாலும், எத்தனை மைல், எத்தனை மணிக்குச் சேருவாய் என்று நான் நச்சரிப்பதற்கு முன்னால் நீயே சொல்லிவிடுவாய். உன் கூட்டாளிகள் உனக்கு 'டைம்டேபிள்' என்று பட்டப்பெயர் வைத்தது எனக்குத் தெரியும். அந்த அறைக்கு நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன்.

என் புத்தி எப்படிப் போயிற்று என்று பார். செவ்வாய்க்கிழமை போகவிடாமல் பிடித்து வைத்ததால்தான் ஒருவரைப் பறிகொடுத்தேன். அதிலிருந்து பாடம் கற்றவள் என்றால் உன்னைப் புதன்கிழமை பேசாமல் அனுப்பியிருக்க வேண்டும். நானோ ஞாயிற்றுக்கிழமை நீ குளிக்கப் போன நேரம் பார்த்து உன் பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தேன். சூலம் என்று உன்னிடம் சொன்னேன், என்னிடமும் சொல்லிக்கொண்டேன். சூலமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இன்னும் ஒரு வாரம் நீ இந்த வீட்டில் இருக்க வேண்டும். அதற்காக உன் படிப்புப் போனாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். பாசம் என்று இதைத்தான் சொல்கிறார்கள் என்றால் அந்தப் பாசத்தைக் கொண்டுபோய் உடைப்பில் போட வேண்டும்.

நேற்று, "பாக்கலையே" என்று சொன்ன பிறகு எனக்குத் தூக்கமில்லை. இன்று நீ ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பிப் போனதும் பஸ் பிடித்துப் பெடாஸுக்குப் போனேன். அஞ்சலைக்கு இப்போது ஆடு இல்லை, இரண்டு மாடு இருக்கிறது. முனியாண்டி போய் மூன்று வருஷம் ஆகிறதே, மகனோடு இருக்கிறாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். நான் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே, "அஞ்சலை, எனக்கு ஒரு டம்ளர் பால் வேணும். நாளைக்குப் புள்ள பிளேன் ஏறுறான், வடக்கே சூலம்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு நடந்ததையெல்லாம், கேட்காமலே திரும்பிப் போய்ப் பொய் சொன்னதையும் சேர்த்துக் கொட்டிவிட்டேன். ஊரில் ஒருவருக்கும் தெரியாத விஷயம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியும்டி" என்றாள். "நீ டம்ளரத் தூக்கிட்டு வந்து நின்னத சன்னல்ல பாத்தேன். எதுக்கு வந்திருக்கேன்னும் தெரியும், என் வீட்டுக்காரருக்கும் அப்பத்தான் பால் கறந்து கொடுத்தேன். இன்னும் மடியில இருந்துச்சு. நீ கேட்டா கொடுக்கலாம்னு ஆட்டப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். ஏசுனவதானே, வாயத் தொறந்து கேக்கட்டும்னு ஒரு திமிரு. நீ கேக்கல, போயிட்ட." வாளியை மாட்டுப் பக்கம் தள்ளி வைத்தாள். "எம்புருஷன் திரும்பி வந்த நாள்ல இருந்து உன் மொகத்தப் பாக்குறப்பல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். ஏன்லா இத்தன வருஷம் உன் புள்ளைக்கு மாசா மாசம் நெய் கொடுத்து விடுறேன்னு நெனைக்கிற?" என்றாள். நாங்கள் இரண்டு கிழவிகளும் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து அழுதோம். அவள் மருமகள் வந்து பார்த்துவிட்டு, யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு விதத்தில் சரிதான். அந்தக் கொட்டகையில் உட்கார்ந்துதான் உன் அப்பா செத்துவிட்டார் என்று நான் முதல்முறையாக நம்பினேன்.

இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டவில்லை. அட்லாசை மேலே வைத்து, மேசையில் விரித்தே வைத்திருக்கிறேன். அஞ்சலை படித்தாலும் படிக்கட்டும். மறைத்து மறைத்து வைத்தது போதும். பிள்ளையைத் தூரதேசம் அனுப்பும்போது தாய் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் என்ன இருக்கிறது? வேண்டியதை வாய் திறந்து கேள், வெள்ளைக்காரன் என்ன நினைப்பானோ என்று வாசலில் நின்றுவிட்டுத் திரும்பாதே. நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வந்தால், அவள் பிடித்து வைக்கிறாளே என்று எரிந்து விழாதே. எவ்வளவு தூரம் போகிறாய், எப்போது வருவாய் என்று சொல்லிவிட்டுப் போ. தூரம் தெரிந்தால் காத்திருக்கலாம். எனக்குத் தெரியாமல் போனது அதுதான். உன் தாளில் எல்லாம் அச்சடித்திருக்கிறது, இத்தனை மைல், இத்தனை மணி என்று. அந்தத் தாளை மட்டும் எனக்கு விட்டுவிட்டுப் போ. பத்தொன்பது மணி நேரமும் எந்த ஊர், எந்த ஊர் என்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். போய் இறங்கியதும் தந்தி கொடு. ஒரு வார்த்தை போதும்.

பாங்காக்கில் விமானம் ஐம்பது நிமிஷம் நிற்கும் என்றாயே. இறங்க விட்டால் இறங்கு. திதி, கும்பிடு எல்லாம் வேண்டாம். அதைத் தை அமாவாசைக்கு இங்கே நான் கொடுத்துக்கொள்கிறேன், தீர்மானித்துவிட்டேன். நீ சும்மா ஒரு ஓரமாக நின்று, மேற்குப் பக்கம் பார்த்து, "அப்பா, நான் ரெண்டு மணி நேரத்துல வந்துட்டேன்" என்று சொல். அவருக்கு ரொம்பப் பிடிக்கும். எம்புட்டுத் தூரம், எத்தனை நாள் என்று கேட்டவர் அவர்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் அஞ்சலை பெரியம்மா வருகிறாள். கறந்த பாலைத் தானே கொண்டு வந்து கொடுப்பேன் என்று ஒரே பிடிவாதம். காய்ச்சி ஒரு டம்ளரில் ஊற்றி வைக்கிறேன். குடித்தால் எங்கள் இரண்டு பேருக்கும் மனசு ஆறும். குடிக்க மனமில்லை என்றால் விட்டுவிடு. பால் கெட்டாலும் பரவாயில்லை, நீ புதன்கிழமையே கிளம்பு.